வீட்டம்மாவைக் கேட்கவும்

காருக்குப் புது பாட்டரி போட்டதுதான் தாமதம், உங்கள் பழைய ஸ்டீரியோ ரகசிய எண்ணைக் கேட்டு மினுக் மினுக்கென்று கண்ணடிக்கத் தொடங்கிவிட்டது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. பொன்மலை ரயில்வே பட்டறையில் அத்தனை வருஷம் வேலை பார்த்த மனுஷர், போகும்போது நான்கு எண்ணைச் சொல்லிவிட்டுப் போகக் கூடாதா?

கார் வாங்கிய வாரம் நீங்களே வைத்த எண் அது. திருடன் கழற்றிக்கொண்டு போனாலும் பாடாது என்று பெருமை வேறு. என்ன எண் என்று கேட்டேன். "உனக்கு மறக்கவே மறக்காத நம்பர்தான்" என்றீர்கள். அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது, நான் மேலே கேட்கவில்லை. இப்போது கல்யாண நாளைப் போட்டேன், இல்லை. பையன் பிறந்த நாள், இல்லை. உங்கள் பட்டறை டோக்கன் எண், அதுவும் இல்லை. மூன்று தப்புக்கு ஒரு மணி நேரம் பூட்டிக்கொள்கிறது அந்தச் சனியன்.

சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு கார் ஸ்டீரியோ கடைக்கு நான்தான் ஓட்டிக்கொண்டு போனேன். பையன் பக்கத்து சீட்டில் போனைப் பார்த்துக்கொண்டு வந்தான். கடைக்காரர் என்னைத் தாண்டி நேரே அவனிடம் போனார். இதெல்லாம் காயலான் கடைச் சரக்கு, டேஷ்போர்டைக் கொஞ்சம் அறுத்துப் பெரிய டச் ஸ்கிரீன் போட்டுவிடலாம் என்றார். இவனும் தலையாட்டினான். அம்மாவுக்குப் பாட்டு கேட்டால் போதுமாம். காவேரிப் பாலத்தில் பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவே போகும்போது ஸ்கிரீனைத் தடவிக்கொண்டிருப்பதா? ரோட்டைப் பார்த்துக்கொண்டே திருகுகிற அந்தக் குமிழ் எனக்கு வேண்டும். உங்கள் விரல் பட்டுப் பட்டுத் தேய்ந்த குமிழ் அது. அறுத்துவிட்டால் அப்புறம் ஒட்டவா முடியும்?

"காருக்கு ஓனர் நான். என்கிட்ட கேளுங்க" என்றேன். சரிங்கம்மா என்றவர் மறுபடி பையன் பக்கமே திரும்பி, எவ்வளவு அறுக்க வேண்டும் என்று காட்டுவதற்காக செட்டை வெளியே இழுத்தார்.

அதன் பக்கவாட்டில் வெள்ளை பிளாஸ்திரி. உங்கள் கையெழுத்து.

வீட்டு மிக்ஸி, மின்விசிறி, தண்ணீர் மோட்டார் எல்லாவற்றிலும் ஒட்டி வைத்திருப்பீர்களே, அதே மாதிரி. பட்டறைப் பழக்கம். "திறந்தவன், அடுத்துத் திறக்கறவனுக்கு ஒரு வரி எழுதி வைக்கணும்" என்பீர்கள். கடைக்காரர் வாய்விட்டுப் படித்தார்: "நம்பருக்கு வீட்டம்மாவைக் கேட்கவும்." வந்ததிலிருந்து அப்போதுதான் அவர் என் முகத்தைப் பார்த்தார்.

எனக்கோ நம்பர் தெரியாது! நாலு பேர் முன்னால் இப்படி மாட்டிவிட்டீர்களே என்று பல்லைக் கடித்தேன். பிறகுதான் உறைத்தது. நான் போட்டுப் பார்த்ததெல்லாம் உங்கள் எண், நம் எண், பையனுடைய எண். என்னைக் கேட்கச் சொல்லியிருக்கிறீர்கள் என்றால் அது என் எண்ணாகத்தானே இருக்க வேண்டும்?

என் பழைய மொபெட். ஸ்ரீரங்கத்திலிருந்து நான் ஆபீசுக்கு ஓட்ட, பின்னால் டிபன் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு சத்திரம் வரை வருவீர்கள், அங்கிருந்து பொன்மலைக்கு பஸ். பொண்டாட்டி பின்னால் உட்கார்ந்து போகிறான் என்று தெருவே சிரித்தது. நீங்கள் மட்டும் ஒரு நாளும் முன்னால் வரக் கேட்கவில்லை. சாயங்காலம் அந்த நெரிசலில் நம்பர் பிளேட்டைப் பார்த்துத்தான் என்னைக் கண்டுபிடிப்பீர்கள்.

வயர் தொங்கத் தொங்கவே அந்த நான்கு எண்ணை அழுத்தினேன். பாடியது.

கடைக்காரர் குறித்துக்கொள்ளலாம் என்று எண்ணைக் கேட்டார், பையனும் கேட்டான். சொல்லவில்லை. இங்கேயும் எழுத மாட்டேன். நீங்கள் வாய்விட்டுச் சொல்லாமல் போன கோபம் இன்னும் எனக்கு ஆறவில்லை. செட்டை உள்ளே தள்ளுவதற்கு முன் கடைக்காரரின் பேனாவை வாங்கி, பிளாஸ்திரியில் உங்கள் வரிக்குக் கீழே நானும் ஒரு வரி எழுதினேன்: "பையனைக் கேட்க வேண்டாம்."