வயிற்றைக் கேட்டு இறக்கிய படகு

நெட்டுக்குப்பம்
2.3.2025

அன்புத் தங்கச்சி கீர்த்திக்கு,

அண்ணன் ராமதாஸ் எழுதுவது. என் வயிற்றைத் தவிர இங்கே எல்லோரும் நலம். போனில் பேசினால் உன் அண்ணி ஸ்பீக்கரில் போட்டுத் தெருவுக்கே கேட்கவைக்கிறாள். அதனால்தான் பேப்பரும் பேனாவும். பிழை இருந்தால் சிரிக்காதே, பத்தாவதோடு நின்றவன் நான்.

ஒரு மாதமாக வயிற்றைப் பிசைகிறது. ஆஸ்பத்திரியில் வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, "உள்ளே ஒன்றுமில்லை" என்று டாக்டர் சிரிக்கிறார். ஆனால் விடிந்து படகுப் பக்கம் போனால் போதும், குடல் முறுக்கிக்கொண்டு வருகிறது.

பொங்கல் முடிந்த மறுநாள் முகத்துவாரத்தில் என் படகு கவிழ்ந்து, கூட வந்த நம் ரவிக்குமார் செத்துப்போனானே, அன்று காலையே எனக்கு வயிறு பிசைந்தது, வேண்டாம் என்றேன், அவன்தான் கேட்கவில்லை என்று பஞ்சாயத்தில் சொன்னேன். அன்றிலிருந்து ஊரே என் வயிற்றை நம்புகிறது. கூட வரும் மூன்று பேரும் காலையில் கடலைப் பார்ப்பதில்லை, என்னைப் பார்க்கிறார்கள். "இன்னா மாமு, வவுறு இன்னா சொல்து?" வலிக்கிறது என்றால் படகு இறங்காது. போன மாதம் பத்தொன்பது நாள் கரையில் கிடந்தோம். மீன் வாங்க வந்த சொக்கம்மாள், "உன் வவுத்துக்கு ஒரு கோயிலு கட்லாமா?" என்று கேட்டுவிட்டுப் போகிறாள்.

நீ வயிற்றையும் மூளையையும்தானே ஆராய்ச்சி செய்கிறாய். வயிற்றுக்குக் கடல் தெரியுமா? தெரியாதென்றால் மருந்து சொல். தெரியுமென்றால் கரையிலேயே ஒரு வேலை பார்த்துக்கொள்கிறேன். உன் எலிகளை விசாரித்ததாகச் சொல்.

ராமதாஸ்


புனே
9.3.2025

அன்புள்ள அண்ணா,

எலிகள் நலம். உன் கடிதத்தில் பதினோரு பிழை, திருத்தி வைத்திருக்கிறேன்.

வயிற்றுக்குக் கடல் தெரியாது. இதை என்னால் அடித்துச் சொல்லமுடியும். எலியின் இரைப்பையில் ஒரு வைரஸை விடுகிறோம். அது நரம்பு விட்டு நரம்பு தாவி மேலே ஏறும். நங்கூரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டே போனால் படகு கிடைக்கும் இல்லையா, அப்படி. அது போய்ச் சேருகிற இடம் மூளையின் மேற்புறம். அங்கே ஒரு பகுதி, உடம்பும் மனசும் எப்படி இருக்கின்றன என்று கவனித்துக்கொண்டிருக்கும். பெரும்பாலும் நிதானமாகச் செரிக்கச் சொல்வது அதுதான். இன்னொரு பகுதி நடு உடம்பை அசைப்பது, நீ இடுப்பை வளைத்து வலை இழுக்கிறாயே, அதற்கானது. அதன் பாதை இரைப்பையை நிறுத்திவைக்கும், ஓடத் தயாராகு என்கிற மாதிரி. மனிதருக்கும் இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறோம்.

ஆகவே உன் வலி நிஜம். டாக்டர் சிரித்தது தப்பு. ஆனால் அந்த வலி கடலிலிருந்து வரவில்லை, உன் தலையிலிருந்து வருகிறது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்த வலி முதன்முதலாக வந்தது எந்த நாள்? யோசித்து எழுது.

உன் கீர்த்தி


நெட்டுக்குப்பம்
15.3.2025

கீர்த்திக்கு,

நாலு எழுத்துப் படித்துவிட்டால் அண்ணனைக் கோழை என்பாயா? வலி வந்தது படகு கவிழ்ந்த அன்று காலை. பஞ்சாயத்தில் சொன்னதுதான், மாற்றிச் சொல்ல என்னிடம் வேறு ஒன்றுமில்லை. துறைமுகத்துப் பக்கம் காவலாளி வேலை இருக்கிறதாம், ஒன்றாம் தேதி சேரப்போகிறேன். படகை விற்கச் சொல்லிவிட்டேன். இனி எழுதவேண்டாம்.

ராமதாஸ்


புனே
20.3.2025

அண்ணா,

எழுதாதே என்றாய், எழுதுகிறேன். சின்ன வயதிலிருந்து நீ சொல்லி நான் எதைக் கேட்டேன்?

பொங்கல் லீவுக்கு வந்திருந்தேனே, மறந்துவிட்டாயா? அன்று காலை அண்ணி தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். உனக்குச் சோறு போட்டது நான். பழைய சோறும் நெத்திலிக் கருவாடும். மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டு ஏப்பம் விட்டாய். ரவி அண்ணன் வாசலில் நின்று, "அலை கலீஜா கீது ராமு, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றார். நீதான் "அட வாடா" என்று தோளில் தட்டிக் கூட்டிப் போனாய். இரண்டு மாதமாக நான் இதை யாரிடமும் சொல்லவில்லை. அது என் தப்பு.

படகை மறுபடி இறக்கிய நாளில், நம் ஊர் வழக்கப்படி செத்தவர் வீட்டிலிருந்து மங்கை அக்கா வந்து, இனி இறங்கலாம் என்று படகைத் தொட்டுக் கொடுத்தார் அல்லவா. தன் புருஷன் பிடிவாதத்தால் வந்த வினை என்று நம்பி, உன்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே தொட்டாராமே. அன்று மத்தியானம்தான் நீ முதல் தடவையாகச் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டாய் என்று அண்ணி சொன்னாள்.

நீ கோழை என்று நான் எழுதவே இல்லை. வெட்கமில்லாதவனாக இருந்தால் உனக்கு இந்த வலியே வந்திருக்காது. போய்ச் சொல் அண்ணா. உன்னால் முடியும், எனக்குத் தெரியும்.

கீர்த்தி


நெட்டுக்குப்பம்
6.4.2025

அன்புத் தங்கச்சி கீர்த்திக்கு,

உன் கடிதத்தை ஒரு வாரம் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். போன ஞாயிறு கோயில் முன்னால் பஞ்சாயத்தைக் கூட்டச் சொன்னேன். எழுந்து நின்று, "என் வவுறு அன்னிக்கு ஒண்ணும் சொல்லல. வேணாம்னு சொன்னவன் ரவி. கேக்காதவன் நான்" என்றேன்.

மங்கை என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். "நான் உன் கைல மன்னிப்பு கேட்டேனேண்ணா" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, "நான் தொட்டது செல்லாது. மறுக்கா நான் வந்து தொடாம அந்தப் படகு இறங்கக்கூடாது" என்றாள். பஞ்சாயத்தும் சரி என்றது. காவலாளி வேலைக்கு நான் போகவில்லை, படகையும் விற்கவில்லை. ஆறு நாள் காலையில் போய்ப் படகுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

இன்று காலை மங்கை வந்தாள். என் முகத்தைப் பார்க்காமல், "கடல் எப்டி கீது?" என்றாள். கூட இருந்தவர்கள் வழக்கம்போல என் வயிற்றைப் பார்த்தார்கள். நான் எழுந்து முகத்துவாரத்தைப் பார்த்தேன். மணல் திட்டின் மேல் அலை உடைந்துகொண்டிருந்தது.

"அலை கலீஜா கீது. நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றேன்.

யார் சொன்ன வார்த்தை அது என்று அவளுக்குத் தெரியும். குனிந்து, படகின் மேல் கையை வைத்தாள்.

வீட்டுக்கு வந்து மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

உன் அண்ணன்
ராமதாஸ்