பாவு இல்லாத நாள்

பிப்ரவரி 22, திங்கள்

பனி. வெகுநேரம் எதிர்வீட்டுக் கதவுகூடத் தெரியவில்லை. தொண்டை கரகர. அம்மா கொடுத்த மிளகுக் கஷாயத்தில் பாதி துளசிச் செடிக்கு.

காலை முழுக்கப் பெரிய தெருவில். பொதுக்கூடத்து வாசலில் நகராட்சி ஓவர்சியர் சம்பந்தத்துக்கு நாற்காலி, எனக்கு முக்காலி. வேலை: தெருவில் என்னென்ன வண்டி போகிறது என்று பார்ப்பது. கூடத்தைப் பால்வாடியாக மாற்றப் போகிறார்கள். யாரோ புண்ணியவான், வண்டி போகிற தெருவில் சின்னப் பிள்ளைகளை விடலாமா என்று ஆட்சேபணை கிளப்பிவிட்டார். ஓவர்சியர் பார்த்து, பாதகமில்லை என்று எழுதினால் பால்வாடி வரும். வந்தால் நான் டீச்சர். வராவிட்டால் பழையபடி அண்ணியின் அடுப்பங்கரை. பயிற்சி முடித்து இத்தனை நாள் அங்கேதான் இருக்கிறேன். போதும்.

பார்த்தவை: சைக்கிள்கள். பால்காரர். சலவைக்காரர் கழுதை (நடுவில் நின்று யோசித்தது). கோயிலுக்கு வழி தவறிய வெளியூர் ஜட்கா, வந்த வழியே திரும்பியது. லாரி இல்லை. பஸ் இல்லை.

எப்படி வரும்? தெரு நடுவில் இந்த முனை முதல் அந்த முனை வரை மரக்கால் நட்டு, தறியில் ஏற்றப் போகிற பட்டு நெடுக்கிழைகளைப் பாவாக நீட்டியிருந்தார்கள். கஞ்சி தெளித்து, இழை பிரித்து, காயவிட்டு, பத்து மணி வாக்கில்தான் சுருட்டி எடுத்தார்கள்.

ஓவர்சியர்: "இது தெருவா, கோயில் பிராகாரமா? ரொம்ப அமைதியா இருக்குதும்மா."

எனக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது.

பிப்ரவரி 23, செவ்வாய்

சந்தோஷப்பட்டது தப்பு. ஆட்சேபணை வண்டியிடமிருந்து இல்லை, பாவிடமிருந்து.

ஏகாம்பர முதலியார் கூடத்துக்கு வந்தார். தெருவுக்குப் பெரியதனம் அவர்தான். (இனி ஏ.மு. முழுப் பெயர் எழுதினால் மை தீர்ந்துவிடும்.) மேல்துண்டை உதறினார்.

"பசங்க எட்டரைக்கு வரும்ன்றீங்க. பாவு பத்து மணி வரிக்கும் ரோட்ல இருக்குது. ஒரு வாண்டு உள்ள பூந்தா போதும், இழை அறுந்துடும். அப்புறம் அதை யாரு முடி போடறது, நகராட்சியா?"

ஓவர்சியர் மூக்குப்பொடி போட்டுக்கொண்டு வானத்தைப் பார்த்தார். அரசாங்க உத்தியோகம் என்றால் அப்படி இருக்க வேண்டும்.

சாயங்காலம் நானே ஏ.மு. வீட்டுக்குப் போனேன். அவர் தறிக்குழியில். கால் மிதித்துக்கொண்டே இருந்தது, என் பக்கம் திரும்பவில்லை. கெஞ்சினேன். எனக்கே பிடிக்காத குரலில் கெஞ்சினேன். எட்டு மணிக்குள் பாவை எடுத்துவிட்டால் பிள்ளைகள் நிம்மதியாக வரும் ஐயா, இன்னும் வெள்ளென நீட்டினால் முடியாதா ஐயா, உங்கள் தெருப் பிள்ளைகள்தானே ஐயா. எத்தனை ஐயா!

"பாக்கலாம்" என்றார்.

அண்ணி: "எங்க போய்ட்டு வர்ற? வடிச்ச சோறு ஆறிப் போச்சு." வடித்தது நான்தான்.

பிப்ரவரி 24, புதன்

ஒத்துக்கொண்டார்! தெருக்கூட்டம் போட்டுப் பேசினார்களாம். பால்வாடி திறந்த நாளிலிருந்து எட்டு மணிக்குள் பாவு எடுத்துவிடுவார்கள். அதற்காக எல்லோரும் இருட்டோடு எழுந்திருக்க வேண்டும். ஏ.மு. சொன்னது: "உனக்காவ இல்ல டீச்சர். பசங்களுக்காவ."

டீச்சர் என்றார். முதல் தடவை.

கூடத்தை ஒட்டிய வீடு ராஜம்மாவுடையது. மூன்று வயசு செல்வியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். "மொத பேரு எம் பொண்ணு பேருதான் எழுதணும், ஆமா." செல்வி என் வளையலைக் கடித்தாள். எழுதுகிறேன் என்றேன்.

ஓவர்சியர் நாளைக்கு வரமாட்டார். "நாளைக்கு அமாவாசை. தறி லீவு, தெருவே லீவு. இன்னாத்த பாக்கறது? வெள்ளிக்கெழம எழுதிக் குடுத்துடறேன்." சரிதானே. அமாவாசையன்று இங்கே ஒருவரும் நூலைத் தொடமாட்டார்கள். பாவு கிடையாது.

திரும்பும்போது டீக்கடையில் இரண்டு லாரிக்காரர்கள். "நாளிக்கி நேரா வுட்டுக்கலாம்பா. சுத்தவே வேணாம்." ஏதோ அவர்கள் பேச்சு என்று வந்துவிட்டேன்.

வாங்க வேண்டியவை: துடைப்பம், பினாயில், சிலேட்டுக் குச்சி, மணி (நல்ல சத்தம்).

பிப்ரவரி 25, வியாழன்

கை இன்னும் சரியாக இல்லை. எழுத்து கோணல்.

காலையில் கூடத்தைப் பெருக்கப் போனேன். தெரு வெறிச்சென்று இருந்தது. மரக்கால் இல்லை, பாவு இல்லை. இவ்வளவு அகலமான தெருவா என்று நினைத்தேன். நினைத்து முடிக்கவில்லை, முதல் லாரி. ஐயம்பேட்டைப் பக்கமிருந்து மண்டிக்குப் போகிற நெல் லாரி. பின்னாலேயே இன்னொன்று. அப்புறம் மணல் லாரி, ஹார்னில் கையை வைத்தபடியே. வரிசையாக வந்தன. தினமும் வெளிச்சாலையில் சுற்றிப் போகிறவை. இன்று தெரு திறந்திருக்கிறது, நேராக வருகின்றன.

ராஜம்மா வீட்டுக் கோழி குறுக்கே ஓடியது. அதன் பின்னால் செல்வி.

துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடினேன். சட்டைதான் கையில் அகப்பட்டது. இழுத்தேன். இரண்டு பேரும் மண்ணில். கோழி சக்கரத்தில் போய்விட்டது. லாரி நிற்கவே இல்லை.

ராஜம்மா அழுதாள், லாரியைத் திட்டினாள், பிறகு என்னைத் திட்டினாள், பிறகு காபி கொடுத்தாள். செல்வி கேட்டது ஒன்றே ஒன்று: "கோழி எப்ப எந்திரிக்கும்?"

பத்து மணிக்கு மேல் மண்டி வேலை முடிந்தது, லாரியும் நின்றது.

வீட்டுக்கு வந்து முழங்கை கழுவும்போதுதான் உறைத்தது. நாங்கள் உட்கார்ந்து பார்த்தது தெருவை அல்ல. பாவு கட்டிய தெருவை. பிறந்ததிலிருந்து பார்க்கிற பாவு. காலில் இடறுகிறது, வழியை மறிக்கிறது என்று எத்தனை நாள் சலித்திருக்கிறேன். லாரியையும் அதுதான் மறித்துக்கொண்டிருந்தது.

அதைத்தான் எட்டு மணிக்கு எடுக்கச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறேன். பிள்ளைகள் வருகிற நேரத்துக்குச் சரியாக.

இனிமேல் தினமும் அமாவாசை.

பிப்ரவரி 26, வெள்ளி

பாவு நீட்டியிருக்கிறார்கள். தெரு சாது போல இருக்கிறது. நேற்று நடந்தது கனவோ என்று முழங்கையைப் பார்த்துக்கொண்டேன்.

ஓவர்சியர் எழுதிக் கொடுத்துவிட்டார். பாதகமில்லை.

நான் வாயைத் திறக்கவில்லை. அம்மா கேசரி கிண்டினாள். என் பங்கை அண்ணி பக்கம் தள்ளினேன்.

மார்ச் 12, வெள்ளி

வெயில் ஏற ஆரம்பித்துவிட்டது. தேர்தல் சத்தம் ஓய்ந்தது; சுவர்களுக்குத்தான் ஓயவில்லை.

இத்தனை நாள் இதைத் திறக்கவில்லை. எழுத என்ன இருக்கிறது, கோழை என்று எழுதலாம்.

உத்தரவு வந்துவிட்டது. திறப்பு விழா 26, வெள்ளிக்கிழமை. சேர்மன் வருகிறார். நல்ல நாள் பார்த்துத்தான் வைத்தார்களாம். நிறைந்த அமாவாசை.

சிரிப்பு வந்தது. அம்மா, "பார், சந்தோஷத்தில் சிரிக்கிறாள்" என்று அண்ணியிடம் சொன்னாள்.

மார்ச் 15, திங்கள்

சொல்லிவிட்டேன். முதலில் ஓவர்சியரிடம், நகராட்சி ஆபீஸ் வேப்பமரத்தடியில்.

பொடி டப்பா திறந்தபடியே நின்றது. "ஆமால்ல" என்றார். டப்பாவை மூடிவிட்டு: "போனது போயாச்சும்மா. இப்ப மாத்தி எழுதினா கூடத்தையே கேன்சல் பண்ணிடுவாங்க. உன் வேலையும் போவும், என் மானமும் போவும்."

"தெருமுனையில் நாலு கல் நடலாமே?"

"பொது ரோட்டை நாம அடைக்கக் கூடாதும்மா. சட்டம்."

பாவு மட்டும் அடைக்கலாமா என்றேன்.

"அது வழக்கம்."

கல் வைத்தால் குற்றம், நூல் வைத்தால் வழக்கம். நல்ல ஊர். திரும்பி நடக்கும்போது கோபத்தில் செருப்பு வார் அறுந்தது. வெறுங்காலோடு வீடு.

மார்ச் 18, வியாழன்

ஏ.மு. வீடு. இந்தத் தடவை தறியை நிறுத்திவிட்டுக் கேட்டார். அதுதான் பயமாக இருந்தது.

"ஏம்மா, எடு எடுன்னு நின்னது நீதான?"

"நான்தான் ஐயா."

"இப்ப எடுக்காதன்றதும் நீதான்."

"நான்தான்."

"எம்மாம் பேரு தூக்கத்த உட்டுட்டு எந்திரிக்க ஒத்துக்கினாங்க, தெரியுமா?"

அழக்கூடாது என்று சுவரைப் பார்த்தேன். பிள்ளைகளைத் தெருமுனையிலிருந்து நானே கூட்டி வருகிறேன் என்றேன். சுவரை ஒட்டி, ஒருவர் பின் ஒருவராக, ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு. ஓர் இழை அறுந்தாலும் நானே உட்கார்ந்து முடி போடுகிறேன், எனக்கும் போடத் தெரியும். எங்கள் அப்பாவும் தறிக்காரர்தான்.

அவர் மனைவி உள்ளேயிருந்து: "செல்விக் கொழந்த அன்னைக்குத் தப்பிச்சது சாமி புண்ணியம். அந்தப் பொண்ணு சொல்றத கேளு."

ஏ.மு. எழுந்தார். "சரி. பழையபடி பத்து மணி வரிக்கும் இருக்கட்டும்."

மூச்சு வந்தது. பிறகு மெதுவாக, திறப்பு விழா அமாவாசையில் வருகிறது என்று ஆரம்பித்தேன்.

முகம் மாறிவிட்டது. "அது மட்டும் கேக்காத. அமாவாசல நூல தொட்டதில்ல. எங்கப்பா தொட்டதில்ல, நானும் தொட மாட்டேன். சாமி குத்தம். எந்திரிச்சுப் போம்மா."

எழுந்து வந்துவிட்டேன். அவர் மேல் கோபம் வரவில்லை. அம்மாவிடம் அன்றைக்குத் தறியைத் தொடச் சொன்னால் அவளும் மாட்டாள். நானும் மாட்டேன்.

மார்ச் 25, வியாழன்

நாளை.

புதுச்சேலை மடிப்புக் கலைக்கவில்லை. கடலைமிட்டாய் வந்தாயிற்று. மாவிலை நாளைக் காலை. கயிறு வாங்கினேன், பிள்ளைகள் பிடிக்க அங்கங்கே சிவப்புத்துணி முடிச்சு.

காலையில் டீக்கடைக்குப் போய் லாரிக்காரர்களிடமே கேட்டேன். பொம்பளை டீக்கடையில் நிற்கிறாள் என்று தெருவே பார்த்தது. பார்க்கட்டும். "நாளைக்கு ஒரு நாள் சுற்றிப் போங்கள் அண்ணே, குழந்தைகள் வருகிறார்கள்."

ஒருவர் சிரித்தார். "மெதுவா போறோம் தங்கச்சி." இன்னொருவர்: "மண்டில லேட்டானா மொதலாளிக்கு நீ பதில் சொல்றியா?"

மெதுவாக. அன்றைக்கு வந்தது எந்த வேகம் என்று எனக்குத் தெரியும்.

விழாவுக்கு வர வேண்டாம் என்று ராஜம்மாவிடம் சொல்லலாமா? சொன்னால் மற்ற அம்மாக்களிடமும் சொல்ல வேண்டும். யாரும் வராவிட்டால் பால்வாடி இல்லை. எல்லாரும் வந்தால்? எனக்கு வேலை வேண்டும். அதை மறைப்பானேன். ஆனால் அந்தச் சட்டை கையில் அகப்படாமல் போயிருந்தால் என்று தினமும் ஒரு தடவையாவது நினைக்கிறேன்.

முடிவு: நாளை ஒரு லாரி தெருவுக்குள் வந்தாலும் சேர்மன் எதிரிலேயே கூடத்தைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிடுவேன். அண்ணிக்கு அடுப்பங்கரை ஆள் கிடைத்தாள்.

மார்ச் 26, வெள்ளி. அமாவாசை.

பனி இந்த மாசத்தில் இவ்வளவா? விடிந்தும் விடியாமல் கயிறும் மாவிலையுமாகக் கிளம்பினேன். தெருமுனை திரும்பியதும் கால் நின்றுவிட்டது.

பாவு.

இந்த முனை முதல் அந்த முனை வரை. அரக்குப் பட்டு, பனித்துளி கோத்து நனைந்து கிடந்தது. கஞ்சி இல்லை, வேலை இல்லை, பக்கத்தில் ஓர் ஆள்கூட நூலைத் தொடவில்லை. ஏ.மு. மட்டும் முனை மரக்காலடியில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண் சிவந்திருந்தது.

"ஐயா, இன்றைக்கு அமாவாசை..."

"எனுக்குத் தெரியாதா? நேத்து பொழுது சாயறதுக்குள்ள நீட்டினது. இன்னைக்கு எவன் தொட்டான்?"

"பனியில் பட்டு வீணாகிவிடுமே?"

"ஆவும்" என்றார். வேறு பக்கம் பார்த்தார்.

நெல் லாரி வந்தது. ஹார்ன் அடித்தது. பாவைப் பார்த்தது. பின்னால் எடுத்துச் சுற்றிக்கொண்டு போனது. அடுத்ததும்.

பிள்ளைகள் கயிற்றைப் பிடித்துச் சுவரோரமாக வந்தார்கள். செல்விதான் முதல். நடுவில் நின்று பாவைத் தொடக் கையை நீட்டினாள். "ஏய்!" என்று தெருவே கத்தியது. கையை வாயில் வைத்துக்கொண்டாள்.

பிறகு சேர்மன் கார். முனையிலேயே நின்றது. கூட வந்தவர் இறங்கிக் கத்திக்கொண்டே ஓடி வந்தார், பின்னால் ஓவர்சியர்.

"யோவ், சேர்மன் வந்துக்கினு இருக்கார், தெரியல? பாவ எடுங்கய்யா."

ஏ.மு. கம்பளியை மடித்துத் தோளில் போட்டார். சாவகாசமாக எழுந்தார்.

"எடுக்கலாம்தான். ஆனா இன்னைக்கு அமாவாச பாருங்க, நாங்க நூல தொட மாட்டோம். எறங்கி நடந்து வரச் சொல்லுங்க."

ஓவர்சியர் என்னைப் பார்த்தார். பொடி டப்பாவைத் தேடினார். நான் மணி அடித்தேன்.