அம்மா பார்த்த முதல் நிக்காஹ்

அண்ணே,

நேற்று பாபநாசத்தில் கல்யாண மண்டபத்தில் முன்பின் தெரியாத ஒருவரைத் திட்டிவிட்டு வந்தேன். பெரியம்மாவின் பேத்திக்கு நிக்காஹ். சாப்பாடு முடிந்து கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. பெண்கள் பக்கம் வைத்திருந்த பெரிய திரையைக் கழற்றியவர், அதன் நீளக் கறுப்பு கேபிளை உள்ளங்கைக்கும் முழங்கைக்குமாகக் கயிறு போலச் சுற்றிக்கொண்டிருந்தார். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ! "ஏங்க, முழங்கையில சுத்தாதீங்க. உள்ள கம்பி முறுக்கி அத்துப்போயிடும். வளையம் வளையமா கீழ போடுங்க" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அம்மா, சினிமா ஃபீல்டுல இருந்தீங்களா?" என்று கேட்டார். ஃபீல்டில் இருந்தது நீ. நான் வெறும் தங்கச்சி.

லீவில் ஊருக்கு வந்தால் கொடிக்கயிற்றைக்கூட என்னை அப்படிச் சுற்ற விடமாட்டாயே. கும்பகோணத்தில் டிவி ரிப்பேர் கற்றுக்கொண்டு மெட்ராஸுக்குப் போனவன், சினிமா ஷூட்டிங்கில் மானிட்டர் வைக்கிற ஆளாகிவிட்டாய். குவைத்திலிருந்து போன் செய்யும் போதெல்லாம் அத்தா, பெற்ற பிள்ளை என்றும் பாராமல், "டிவிப் பெட்டி தூக்கறதுக்கு எதுக்குடா மெட்ராஸு?" என்பார். உனக்குச் சுருக்கென்று தைக்கும். போனை வைத்தபிறகு எனக்கு விளக்குவாய். கேமராவுக்குள் ஓடுவது பிலிம். லேபில் கழுவி வரும்வரை என்ன பதிந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. கேமராமேன் மட்டும்தான் கண்ணை வைத்துப் பார்ப்பார். நீ அந்தக் கேமராவிலிருந்து ஒரு லைன் இழுத்து, வெயில் படாமல் கறுப்புத் துணிக் கூடாரம் கட்டி, உள்ளே டிவியை வைத்து டைரக்டரை உட்காரவைப்பாய். டேப்பிலும் பிடித்துவைத்து, கேட்டால் திரும்பப் போட்டுக் காட்டுவாய். "இத்தனை நாள் அவரு ஒருத்தரே பாத்துக்கிட்டிருந்ததை இப்ப எல்லாரும் பாக்கறோம்ல, அதான் கேமராமேனுக்கு என்னைக் கண்டாலே ஆகறதில்ல" என்று சிரிப்பாய்.

அப்புறம் ஒரு கம்பெனி நம் ஊர்க் குடமுருட்டி ஆற்றங்கரைக்கே பாட்டு எடுக்க வந்தது. ஊரே கரையில் நின்றது. யூனிட் சாப்பாடு உனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று அம்மா தேங்காய்ச் சோறும் கறிக்குழம்பும் கட்டிக்கொண்டு, வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு கிளம்பினாள். டைரக்டர் சாப்பிடப் போயிருந்தார். நீ அம்மாவை அவருடைய நாற்காலியிலேயே உட்காரவைத்தாய்! வயல் நடுவே லைட் தூக்குகிறவர்கள் இரண்டு பேர் நின்று பேசிக்கொண்டிருந்தது பெட்டியில் தெரிந்தது. அம்மா பெட்டியைப் பார்த்தாள், துணியை விலக்கி வயலைப் பார்த்தாள்.

"திரும்பினா தெரியற ஆளைப் பெட்டியில பாக்கறதுக்கா தம்பி இம்புட்டுப் பாடு?"

"திரும்பினா எல்லாம் தெரியும்மா. படத்துல எது வருது, எது வரலைன்னு இதுல பாத்தாதான் தெரியும்."

அம்மா சோற்றுத் தூக்கைத் திறந்துகொண்டே சொன்னாள். "பாத்தா தெரியறதுக்கெல்லாம் பெட்டி வைக்கறே. நான் இந்த வயசு வரைக்கும் ஒரு நிக்காஹ் பாத்ததில்ல. என் நிக்காஹையே பாத்ததில்ல. உள்ள உக்காந்து மைக்குல கேட்டதோட சரி. அதுக்கு ஒரு பெட்டி வைக்கலாம்ல?"

விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் நீ கை கழுவப் போனவன், சொம்பும் கையுமாக அப்படியே நின்றுவிட்டாய்.

எனக்கு மாப்பிள்ளை அமைந்தபோது அத்தாவுக்கு லீவு கிடைக்கவில்லை. "என் எடத்துல நீ உக்காந்து மாப்பிள்ள கையைப் புடிச்சுப் பொண்ணைக் குடுத்துடுப்பா" என்று உன்னிடம் போனில் சொல்லிவிட்டார். நான் அன்றைக்கு அழுத அழுகை உனக்குத் தெரியும். நீயோ அத்தா வராததைவிடப் பெட்டி வைப்பதிலேயே குறியாக இருந்தாய். மெட்ராஸில் உன் முதலாளியிடம் கேட்டு ஒரு மானிட்டரும் கேமராவும் வாங்கிவந்தாய். ஊரில் முணுமுணுப்பு எழுந்தது. பள்ளிவாசல் எதிரிலேயே சினிமாச் சாமானா என்று கேட்டார்கள். பள்ளிவாசல் நிர்வாகம் பார்க்கிற முத்தவல்லி வீட்டுக்கு எத்தனை தடவை நடந்தாய்! "பொம்பளைங்க பக்கம் கேமராவே கெடையாதுங்க. அவங்க இங்க பாப்பாங்க, இங்கேருந்து யாரும் அவங்களைப் பாக்க முடியாது" என்று கும்பிடாத குறையாகச் சொன்னாய். கடைசியில் அவருடைய மனைவிதான், "எனக்கும் பாக்கணும்" என்று ஒரே போடாகப் போட்டு முடித்துவைத்தார்.

பள்ளிவாசல் எதிரில் போட்ட பந்தலிலிருந்து தெருவுக்கு மேலாக கேபிள் இழுத்து, நம் வீட்டு உள் அறையில் நெல் மூட்டைகளின் மேல் பலகை போட்டு மானிட்டர் வைத்தாய். ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி. ஒத்திகைக்கு மாப்பிள்ளை இடத்தில் சித்தப்பாவை உட்காரவைத்து, பந்தலுக்கும் வீட்டுக்கும் ஓடி ஓடி, "அம்மா, மொகம் தெளிவா இருக்கா? தலைப்பா வெட்டுப்படலையே?" என்று கேட்டு வேர்த்துக் கொட்டினாய். மாப்பிள்ளை நடுவில், நிக்காஹ் நடத்திவைக்கிற அசரத்து வலப்பக்கம், தட்டில் பேரீச்சம்பழம். படம் கண்ணாடி போல இருந்தது.

நிக்காஹ் தொடங்கியது. அறை நிறையப் பெண்கள். மைக்கில் குத்பா ஓதுவது கேட்டது, பெட்டியில் அசரத்தின் உதடு அசைந்தது, அதற்கே எல்லாரும் வாயில் கை வைத்தார்கள். மணப்பெண் என்று பாராமல் நானும் எட்டிப் பார்த்தேன். பெண் கொடுப்பவரை முன்னே வரச் சொன்னார்கள். அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். படத்தின் இடது ஓரத்திலிருந்து ஒரு கை வந்து மாப்பிள்ளையின் கையைப் பிடித்தது. கை மட்டும். சட்டை மடிப்பு, மணிக்கட்டு, அவ்வளவுதான்.

"எம்புள்ள எங்கடி? எம்புள்ள எங்க?" என்று அம்மா கேட்டாள். பெட்டியின் ஓரத்துக்கு அந்தப் பக்கம் இருப்பாய் என்பதுபோலத் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். ஒருத்தி சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன்.

எல்லாருக்கும் இடம் பார்த்து வைத்தவன், உனக்கு வைக்க மறந்துவிட்டாய். கேமரா எங்கே இருந்தாலும் அது படாத இடமாகப் பார்த்து உட்கார்ந்து உட்கார்ந்து உனக்கு அது பழகிப்போயிருந்தது. நடுவில் எழுந்து போய்த் திருப்பவும் முடியாது, மாப்பிள்ளையின் கை உன் கையில் இருந்தது.

அம்மா உன்னை விட்டாளா? "அசரத்து மூக்கெல்லாம் காட்டினே, ஒன்னை எங்கடா காட்டினே?" என்று சாப்பாட்டுப் பந்தியிலேயே பிடித்துக்கொண்டாள். நீ அவள் கன்னத்தைக் கிள்ளி, "என் நிக்காஹ்ல நான்தானேம்மா நடுவுல. அப்ப வேண்டாங்கற வரைக்கும் பாத்துக்க" என்றாய்.

அத்தாவின் விசா பேச்சு அதற்குப் பிறகு வந்தது. "எனக்கு ஒடம்பு முடியலைடா. நீ வந்தா இங்க மொதலாளி உன்னை என் எடத்துல எடுத்துக்கறேங்கறான், நான் ஊருக்கு வந்துடுவேன்" என்றார். மெட்ராஸ் முதலாளி உன்னிடம் தனி யூனிட் ஒப்படைக்கிறேன் என்று சொல்லியிருந்த நேரம். நான் தலைகீழாக நின்றேன். "அவரு வர்றதுக்கு நீ ஏண்ணே போகணும்?" என்று சண்டை போட்டேன். "கழுத, அம்மா எத்தனை வருஷமா தனியா இருக்கு? பஸ்ஸுல ஒருத்தர் எழுந்தாத்தானே இன்னொருத்தர் உக்கார முடியும்" என்றாய். உன்னோடு இரண்டு நாள் பேசவில்லை. அதற்கும் சிரித்தாய்.

அத்தா வந்தார், நீ போனாய். அங்கே பெரிய கடை ஒன்றில் திருட்டைப் பிடிக்க வைத்த கேமராக்களைப் பார்த்துக்கொண்டிருக்கும் வேலை. "ரூம் முழுக்க டிவி. எதுலயும் ஒண்ணும் நடக்கல. கட் சொல்லக்கூட ஆளில்ல" என்று போனில் சொன்னாய். குரலில் கிண்டல் இருந்தது, தெம்பு இல்லை. இங்கே அத்தா உனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார். நீ வேலைக்குப் போன வேன் கவிழ்ந்தது என்று செய்தி வந்தபோது அம்மா கையில் ஒரு பெண்ணின் போட்டோ இருந்தது.

அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். நம் ஊர்க்காரர் ஒருவர் போன் செய்து, "நானும் மண்ணு போட்டேம்மா, எல்லாம் நல்லபடியா நடந்துச்சு" என்றார். அம்மா கேட்டது ஒன்றே ஒன்று. "மொகத்தைப் பாத்தீங்களா தம்பி?" பார்த்தேன் என்றார். அம்மா ரிசீவரை என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். அத்தா ரொம்ப நாள் அம்மாவின் எதிரில் உட்காரவே கூசினார்.

அதற்குப் பிறகு மண்டபங்கள் வந்தன, பெண்கள் பக்கம் திரை வைப்பது சாதாரணமாகிவிட்டது. இருந்தவரைக்கும் அம்மா எந்த நிக்காஹுக்கும் போகாமல் இருந்ததில்லை. முதல் வரிசையில் போய் உட்காருவாள். எல்லாரும் மாப்பிள்ளையைப் பார்ப்பார்கள், அவள் இடது ஓரத்தைப் பார்ப்பாள். முதலில் எனக்குப் புரியவில்லை. புரிந்தபிறகு அவள் பக்கத்தில் உட்கார முடியவில்லை.

அம்மாவும் போய்விட்டாள். நேற்று அந்த ஓரத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பெண்ணின் தகப்பனார் தலை முதல் கால் வரை முழுசாகத் தெரிந்தார். நன்றாகத்தான் வைத்திருந்தார்கள். எனக்குத்தான் வயிறு எரிந்தது.

ஒரு சாண் உள்ளே தள்ளி உட்கார்ந்திருக்கலாம்ல, அண்ணே.