பிளம் தோட்டத்தில் சொன்ன பொய்

ஆக. 2, சனி
விடிய மழை. பத்து மணிக்கு விட்டது. இவர் போய் இன்றைக்குப் பதினேழாம் நாள். முப்பத்தோராம் நாள் காரியம் முடியுமட்டும் வெளியில் தலைகாட்டக் கூடாதாம், இவருடைய தமையன் போனில். "சனம் என்ன கதைக்கும்?" கதைக்கட்டும். பூ முப்பத்தொன்று பார்த்தா உதிரும்? பதினொரு வருடமாக, இந்த நாட்டுக் குளிர்கால ஆகஸ்டில் பிளம் பூக்கும்போது இருவருமாகப் போன தோட்டம்.
மகள்: "இட்ஸ் ஜஸ்ட் எ கார்டன், அம்மா. கோ."

எல்லர்ஸ்லி ஸ்டேஷனில் ரயில். ரயில் கார்டை மெசினில் தட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன், இவரும் தட்டினாரா என்று. பாழாய்ப்போன பழக்கம். இறங்குகிற பப்பகுரா வரை யன்னலோரம். அழவில்லை.

வெள்ளை மரம் முழுக்கப் பூ. சிவப்பு பாதி கொட்டிவிட்டது. காலில் சப்பாத்தெல்லாம் சேறு.

தோட்டத்தைப் பார்க்கிற ஜப்பான்காரி யூமிகோ தேத்தண்ணீர் கொண்டுவந்தா. கணவர் எங்கே என்று கேட்டா. அவவின் வாயில் கோப்பை. சாப்பாட்டு வாயில் சாவுச் செய்தி சொல்லக்கூடாது என்று வளர்ந்தவள் நான். "வேலை" என்றேன். இவருக்கென்று ஒரு போத்தல் பிளம் ஊறுகாய் தந்துவிட்டா.

ஆக. 3
இவருடைய படத்துக்கு முன்னால் சோறு வைத்து, ஊறுகாயில் ஒன்றும் வைத்தேன். பொய் சொல்லி வாங்கியது. சாவுத் துடக்கு வீட்டுக்காரி என்று சொல்லாமல் அவவின் கையால் குடித்ததும் பிழை. வைத்த கையோடு எடுத்துவிட்டேன்.
வாங்க: கற்பூரம், பால், கத்தரிக்காய்.

ஆக. 6
சாவுச் செய்தியை ஊருக்கெல்லாம் தமையன் சொன்னார். இங்கே மகள் சொன்னாள். என் வாயால் ஒருவருக்கும் சொல்லவில்லை. அன்றைக்கு "வேலை" என்றபோது ஒரு நிமிடம் சந்தோஷமாக இருந்தது. அதுதான் பயம்.

ஆக. 9, சனி
வெயில், கடும் குளிர். திரும்பவும் ரயில். பூ முக்கால்வாசி நிலத்தில். யூமிகோ விளக்குமாறும் கையுமாக.
தேத்தண்ணீர் வேண்டாம், முதலில் கேளுங்கள் என்றேன். இங்கிலிஷில்தான். கணவர் இறந்துவிட்டார். போன கிழமை சொன்னது பொய்.
விளக்குமாற்றைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்தா. கனநேரம் நிமிரவில்லை. பிறகு, அவருடைய பெயர் என்ன என்று கேட்டா.
முப்பத்திரண்டு வருடம் பெயர் சொல்லாமல் "இஞ்சாருங்கோ" என்றே கூப்பிட்ட வாய்.
சிவநேசன்.
அவவுக்கு அந்தப் பெயர் வாயில் வரவில்லை. திரும்பச் சொல்லச் சொன்னா. சொன்னேன். இன்னொரு தரம் என்றா. சொன்னேன்.