சுவரை விட்டு இறங்கிய வம்ச மரம்

மௌலாய் அர்பி,

இந்த ஃபெஸ் நகரத்தில் உங்கள் வம்சத்தைப்போல் தூய இரத்தம் வேறெங்கும் கிடையாது. தலைமுறைக்கு ஒருவருக்காவது மூளையில் இரத்தக்குழாய் உப்பி வெடிக்கிறது, அவ்வளவுதான்.

டாக்டர் குடும்ப விவரம் கேட்டார். சுவரில் மாட்டியிருந்த வம்ச மரத்தைச் சட்டத்தோடு எடுத்துப்போகிறேன். அதில் ஒரு பெண்கூட இல்லை. தலைவலி என்று படுத்து எழாத உங்கள் அத்தைகள் இருவரையும் பென்சிலால் சேர்த்திருக்கிறேன்.

“எங்க ஆளுங்க நோயில சாகமாட்டாங்கடி, கோவத்துல சாவாங்க!” என்று நேற்று கத்தினீர்கள். உங்கள் அப்பாவும் கத்திக்கொண்டேதான் விழுந்தார். எனக்கு நீங்கள் வேண்டும்.

ஹரீரா சூப் அடுப்பில் இருக்கிறது. குடித்துவிட்டு, சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, மூன்று மணி ஸ்கேனுக்கு வந்துவிடுங்கள்.

கன்ஸா

பி.கு.: உள்ளே கால்சட்டை போட்டு வாருங்கள். போன தடவை ஸ்கேன் அறையிலிருந்து நீங்கள் ஓடிவந்தபோது, ஆஸ்பத்திரி அங்கிக்குப் பின்பக்கம் முடிச்சுப் போட்டிருக்கவில்லை.