கைதி மாற்றுப் பட்டியலின் கடைசிப் பெயர்

பிரெஸ்ட் துறைமுகம், பிரான்ஸ், 1779 ஜூலை

அன்புள்ள பெரினுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி தணிந்ததா? இம்முறை மூன்று செய்திகள்:
1. சென்ற போரில் நம் மகன் மத்துரேனைச் சிறைக்கப்பலில் பட்டினி போட்டுக் கொன்ற ஆங்கிலக் கப்பல் தலைவன் ஹார்வுட் நம்மிடம் பிடிபட்டிருக்கிறான்.
2. அவனை ஊர் திரும்ப விடாமல் வைத்திருக்கிறேன்.
3. இதனால் நம்மவர் யாருக்கும் தீங்கில்லை.

ஆங்கிலேயரோடு கைதிகளை மாற்றிக்கொள்ளும் பட்டியலை நான்தான் எழுதுகிறேன். இரண்டு முறை அவனைக் கடைசியில் எழுதினேன். கப்பலில் இடமில்லாமல் போயிற்று. ஸ்பானியரோடு சேர்ந்து நம் படை இங்கிலாந்தில் இறங்கப்போகும் நேரத்தில் தேர்ந்த தலைவனைத் திருப்பி அனுப்பலாமா என்று மேலதிகாரியிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவரும் வேண்டாமென்று தலையாட்டினார்.

நேற்று உடன் வேலை செய்யும் கெர்மரெக் சிரித்தான்: "என்ன பெரியவரே, தலைவனுக்குத் தலைவன்தானே மாத்துறோம்? நீங்க ஒருத்தன அமுக்கி வெச்சா, அவனுங்க நம்மாளு ஒருத்தன விடுவானுங்களா? அது யாருன்னாவது பார்த்தீங்களா?"

பார்த்தேன். நம் கப்பல் தலைவன் லெ கல்வே. ஏழு மாதமாக ஆங்கிலேயரின் சிறைக்கப்பலில் இருக்கிறான், காய்ச்சலாம்.

மத்துரேனின் கம்பளித் தொப்பியை அனுப்பு. அறை ஈரமாக இருக்கிறது. பேச்சுத்துணைக்கும் ஆளில்லை, நீளமாகப் பதில் எழுது.

தபால் வண்டி புறப்படுகிறது. இன்றைய பட்டியலிலும் ஹார்வுட்டைக் கடைசியில்தான் எழுதினேன். ஆகவே மூன்றாவதாகச் சொன்னது தவறு, பெரின்.

உன் கணவன்,
அன்செல்ம்