சீனாவில் ஒரு மாட்டுக்கொட்டகை

டிசம்பர் 1, ஞாயிறு

பூசை முடிந்ததும் கிறிஸ்மஸ் குடில் போட்டிக்குச் சீட்டுக் குலுக்கினார்கள். வழக்கமாகத் தெருவுக்கு ஒரு குடில், அவரவர் இஷ்டம். இந்த ஆண்டு ஒவ்வொரு தெருவும் ஒரு நாட்டை எடுத்து, அந்த நாட்டில் பாலன் பிறந்ததுபோல் கட்ட வேண்டுமாம். எங்கள் பங்குச் சாமியார் ஃபாதர் அமலன் ரோமுக்கு ஒரு வாரம் போய்விட்டு வந்ததிலிருந்து உலகமே அவருக்குப் பங்குதான். அடுத்த தெருவுக்கு இத்தாலி. கொடுத்துவைத்தவர்கள். ஒரு கோபுரத்தைச் சாய்த்து வைத்தால் வேலை முடிந்தது. எங்கள் தெருவுக்கு நான் சீட்டு எடுத்தேன். பிரித்தால், சீனா.

என் மனைவி மலர் என்னைப் பார்க்கவே இல்லை. இத்தனை நாடு இருக்க இதையா? ஆண்டவருக்குக் குசும்பு.

டிசம்பர் 2, திங்கள்

எழுதித் தொலைக்கிறேன். என் மகள் நான்சி அங்கேதான் இருக்கிறாள். மதுரை மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்த்து, பிடித்து, நாள் குறிக்கிற நேரத்தில், “லிஃப்ட் கம்பெனில வேலை கிடைச்சிருக்குப்பா, சீனாவுல” என்றாள். திண்டுக்கல்லில் லிஃப்ட் இல்லையா? “போனா அப்படியே போயிரு” என்றேன். நான் சொன்ன எதையும் கேட்காத பிள்ளை, இதை மட்டும் கேட்டுவிட்டாள். ஜூனில் போனாள். அதோடு எனக்கும் அவளுக்கும் பேச்சு இல்லை.

மலருக்குப் போன் வரும். அந்த நேரம் நான் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விடுவேன். இரண்டு ரோஜாச் செடி அழுகிவிட்டன.

டிசம்பர் 8, ஞாயிறு

கோயில் மைதானத்தில் வேலை ஆரம்பம். தங்கை மகன் பிரான்சிஸ் செல்போனில் படத்தைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, நான் சுண்ணாம்பால் சீனாவைத் தரையில் வரைந்தேன். முதலில் கோழி மாதிரி வந்தது. சரியாகத்தான் வந்திருக்கிறதாம்.

மேற்கே திபெத்துக்குச் சாக்கைச் சாம்பல் நிறத்தில் முக்கி மலையாக்கினோம். வடக்கே கோபி பாலைவனத்துக்கு எம்-சாண்ட். மஞ்சள் ஆற்றுக்கு என் பெயின்ட் கடையில் யாரும் வாங்காமல் கிடந்த மஞ்சள் டப்பா. அந்த நிறத்தை வாங்க ஒரு நாடே வர வேண்டியிருந்தது. இமயமலைக்கு எல்லைக் கயிறு கட்டும்போது, “மாமா, நம்ம பக்கம் ஒரு இஞ்சு விட்றாதீக” என்றான் பிரான்சிஸ். எல்லையில் நிற்கிற சிப்பாய்கூட இவ்வளவு கறாராக இருக்க மாட்டான்.

எங்கள் தெரு செபஸ்தியான் அண்ணன் செத்த நேரம் நின்று பார்த்தார். “மேக்கால மலை, கிழக்கால கம்மாய். அப்பு, நம்ம ஊரு மாதிரிதானப்பா இருக்கு. கன்னிவாடிய இம்புட்டுப் பெருசாக்கிட்ட” என்றார்.

டிசம்பர் 12, வியாழன்

இன்று நகரங்கள். உச்சியில் பீஜிங். அதற்கு மேலே செங்கல் தூளில் பெருஞ்சுவர். கிழக்குக் கரையில் ஷாங்காய். கோபுரங்கள் எல்லாம் வெள்ளிப் பெயின்ட் அடித்த ஷாம்பு பாட்டில். தெற்கே குவாங்சோ, கடலோரம் ஹாங்காங். ஊருக்கு ஒரு கொடி, கொடியில் பெயர்.

மலர் கேழ்வரகு நாற்றுத் தட்டுகளைக் கொண்டு வந்தாள். தெற்கே வயலாக வைத்துவிட்டு ஒவ்வொரு கொடியாகப் படித்தாள்.

“சோங்சிங் எங்கங்க?”

“பெரிய ஊரு மட்டுந்தான் வச்சிருக்கு.”

“அங்க மூணு கோடி சனம் இருக்காம்.”

“இடம் இல்ல.”

“பெத்லகேமுலயும் இதத்தான் சொன்னாக” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

இடம் இருந்தது. மலைக்கும் யாங்சி ஆற்றுக்கும் நடுவில் ஒரு சாண் வெறும் சாக்கு. சீரியல் லைட்டின் ஸ்விட்ச் பெட்டியைத் தூக்கி அங்கே வைத்தேன். எங்கேயாவது வைக்கத்தானே வேண்டும்?

டிசம்பர் 14, சனி

பிரான்சிஸ் குடிலைப் படம் எடுத்துத் தெரு வாட்ஸாப் குழுவில் போட்டான். வரிசையாகக் கைகூப்பல், பூங்கொத்து. நடுவில் நான்சி. அவளைக் குழுவிலிருந்து யாரும் நீக்கவில்லை, மறந்துவிட்டார்கள்.

“எங்க ஊர் மேல ஸ்விட்ச் பாக்ஸ் இருக்கு.”

அவ்வளவுதான். அதற்குக் கீழே ஒருவரும் எதுவும் போடவில்லை. எப்போதும் குட்மார்னிங் அனுப்பியே உயிரை வாங்குகிற செபஸ்தியான் அண்ணன்கூட.

யாருக்குச் சொன்னாள்? எனக்குத்தான். வேறு யாருக்கு? கோபம்தான் வந்தது முதலில். பிறகு கல்லாவில் உட்கார்ந்து, பெயின்ட் வாங்க வந்தவர் வெள்ளை கேட்டதற்குப் பச்சையைக் கொடுத்திருக்கிறேன்.

டிசம்பர் 15, ஞாயிறு

பூசைக்கு முன்பே போய்ப் பெட்டியை நகர்த்தினேன். இப்போது கோபி பாலைவனத்தில் இருக்கிறது. அங்கே யாருக்கும் மகள் இல்லை என்று நம்புகிறேன்.

வெறும் சாக்கைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஊர் எப்படி இருக்கும் என்று தெரியாமல் எதைக் கட்டுவது? போன் பண்ணலாம். பண்ணினால் என்ன பேசுவது? ‘சாப்டியா’ என்றா? ஆறு மாதச் சாப்பாட்டுக்கும் சேர்த்தா?

குழுவிலேயே கேட்டேன். “சோங்சிங் எப்படி இருக்கும்? குடிலுக்காக.”

உடனே பதில். “எல்லாம் மலைப்பா. ரெண்டு ஆறு சேருற எடம். ஒரு ரோட்டுல இருந்து வீட்டுக்குள்ள நுழைஞ்சா அது பத்தாவது மாடியா இருக்கும். ரயிலு ஒரு அப்பார்ட்மென்ட்டுக்குள்ள பூந்து வெளிய வரும்.”

புளுகுகிறாள் என்று நினைத்தேன். வீடியோ அனுப்பினாள். நிஜமாகவே புகுந்து வருகிறது. அதனால்தான் அங்கே லிஃப்ட்டுக்கு ஆள் தேவைப்படுகிறது போல.

டிசம்பர் 20, வெள்ளி

நாலு நாளாகக் கடையைச் சரியாகத் திறக்கவில்லை. தெர்மோகோலில் அப்பார்ட்மென்ட், நடுவில் ஓட்டை, அதற்குள் பொம்மை ரயில். ஒவ்வொரு படத்தையும் குழுவில் போடுகிறேன். “ஆறு இன்னும் வளையணும்” என்கிறாள். “பாலம் பத்தாது” என்கிறாள். தெருவே வேடிக்கை பார்க்கிறது. பார்க்கட்டும்.

மாட்டுக்கொட்டகையை பீஜிங்கில் வைப்பதுதான் முறை என்றார் ஃபாதர். தலைநகரமாம். பெத்லகேம் எந்த நாட்டுக்குத் தலைநகரம் என்று கேட்டேன். அவருக்குச் சளி பிடித்திருந்தது, போய்விட்டார். கொட்டகை சோங்சிங்கில்.

டிசம்பர் 23, திங்கள்

பாலனைப் பார்க்க வருகிற மூன்று ராஜாக்களால் சண்டை. அவர்கள் கிழக்கிலிருந்து வந்ததாக வேதம். சீனாவுக்குக் கிழக்கே கடல். பிரான்சிஸ் மூவரையும் ஒட்டகத்தோடு சோப்பு டப்பாவில் ஏற்றி நீல பெயின்ட்டில் மிதக்க விட்டான். படம் போனது. நான்சியிடமிருந்து:

“பாவம்ப்பா. தென்மேக்குல இருந்து நடந்து வரச் சொல்லுங்க.”

“தென்மேக்கால எந்த ஊருங்க இருக்கு?” என்றாள் மலர்.

செல்போன் படத்தைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தேன். இமயமலையைத் தாண்டி, கீழே திண்டுக்கல் வந்தது.

டிசம்பர் 25, புதன்

முதல் பரிசு இத்தாலிக்கு. கோபுரம் நிஜமாகவே விழுந்தும்! எங்களுக்கு ஆறுதல் பரிசு, ஓர் எவர்சில்வர் தூக்கு. ரயில் ஓடியபோது குழந்தைகள் நகரவே இல்லை, அது போதும்.

மாலையில் மலருக்குப் போன் வந்தது. நான் செடிப் பக்கம் போகவில்லை. மலர் போனை என் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

“அப்பா” என்றாள்.

“சாப்டியா?” என்றேன். அதைத்தான் கேட்டேன். அங்கே அழுகிற சத்தம். இங்கே நான் மட்டும் என்ன.

ஜனவரி 5, ஞாயிறு

ராஜாக்கள் திருநாள். நாளுக்கு ஒரு அடி வீதம் நகர்த்தி, இன்று மூவரையும் கொட்டகை வாசலில் சேர்த்தேன். எல்லாரும் தென்மேற்கிலிருந்து வந்தவர்கள். ஃபாதர் பார்த்தார், சிரித்தார், விட்டுவிட்டார்.

நான்சி வேலைக்கு இரண்டு வருஷம் கையெழுத்துப் போட்டிருக்கிறாளாம். கல்யாணத்தைப் பற்றி நான் கேட்கவில்லை. கேட்க வாய் வந்தது; நாங்கள் இருவரும் சேர்ந்து ஓடவைத்த ரயிலை நினைத்துக்கொண்டு மூடிக்கொண்டேன்.

ஜனவரி 23, வியாழன்

மலரும் நானும் மதுரைக்குப் போய் பாஸ்போர்ட்டுக்குக் கொடுத்துவிட்டு வந்தோம். போட்டோ எடுத்த பெண் என்னைப் பார்த்து, “சார், சிரிக்கக் கூடாது” என்றாள். “இவுகளப் பாத்து இதச் சொன்ன மொத ஆளு நீதாம்மா” என்றாள் மலர்.

அங்கே வரும்போது என்ன கொண்டு வர என்று நான்சியிடம் கேட்டேன். ராஜாக்கள் கொண்டுவந்த பொன், தூபம், வெள்ளைப்போளம் எதுவும் வேண்டாமாம். சோற்றுக்கு வெஞ்சனமாகக் கருவாடு போதுமாம். விமானத்தில் கருவாட்டை விடுவார்களா என்று யாரிடமாவது விசாரிக்க வேண்டும்.